மைக்கில் ஏறாத ரைடு

பரமத்தி வேலூர் வட்டாரத்தில் கபடிப் போட்டி நடத்த நினைக்கிறவர்கள் முதலில் மைதானம் பார்ப்பதில்லை. தனசேகருக்குத் தொண்டை நன்றாக இருக்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். பொழுது விடிவதற்குள் கொடிக்காலில் ஏணி சாய்த்து வெற்றிலை கிள்ளுகிற ஆள்தான் அவர். இடுப்பில் ஈரத்துண்டு, கட்டைவிரலில் வெற்றிலைச் சாற்றுக் கறை, காலில் செருப்பு கிடையாது. அகத்தி மர வரிசைக்குள் நின்று யாராவது கூப்பிட்டால் பதில் வருகிற சத்தம் பக்கத்துப் பாத்திக்குக்கூடக் கேட்காது. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் ஆளே வேறு.

ஆட்டக்காரர்களுக்குப் பெயர் வைப்பதில் அவருக்கு இணை கிடையாது. ‘மோகனூர் மின்னல்’ என்றும் ‘ஓமலூர் இரும்புக்கை’ என்றும் ‘காவிரி முதலை’ என்றும் அவர் மைக்கில் சொன்ன பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. இரும்புக்கையின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை அச்சடித்திருந்தார்கள். பெண் வீட்டார் அது என்னவோ அரசாங்க விருது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

பெண்கள் ஆட்டத்துக்கு அவர் வைத்திருந்த சரக்கு வேறு. “தங்கச்சி பாடி வாராங்க, பாத்துப் புடிங்க, வளையல் ஒடஞ்சுரும்” என்பார். “வருங்கால மருமகளே, இத்தன வேகம் போனா மாமியா பயந்துக்குவா” என்பார். கூட்டம் சிரிக்கும். இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஆண்கள் ஆட்டத்தின்போது வாசித்தால் சனம் கத்துகிறது, வாசிக்காமல் விட்டால் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அதனால் பெண்கள் ஆட்டம் ஓடும்போது வாசித்துவிடலாம் என்று கண்டுபிடித்தார். எல்லாருக்கும் சௌகரியமாகப் போயிற்று. இப்போது கரூர்ப் பக்கத்து வர்ணனைக்காரர்கள்கூட அப்படித்தான் செய்கிறார்கள்.

அவருடைய ஒரே மகள் யுவஸ்ரீ கபடி ஆட வந்த பிறகு வளையல் கேலியை நிறுத்தினார். அதாவது, யுவஸ்ரீ ஆடுகிற ஆட்டத்தில் மட்டும் நிறுத்தினார்.

அந்தச் சித்திரையில் செங்கப்பாளையத்து மாரியாத்தா நோம்பிக்கு மாநில அளவில் போட்டி வைத்திருந்தார்கள். சொந்த ஊர்ப் போட்டி. யுவஸ்ரீயின் நாமக்கல் அணி பெண்கள் பிரிவில் இறுதிக்கு வந்துவிட்டது. கோப்பை கிடக்கட்டும், அவளுக்கு வேண்டியது வேறொன்று. கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்பெனி பெண்கள் அணி ஒன்று ஆரம்பிக்கிறது. சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, முட்டி போனால் பார்க்க ஆள் உண்டு. ஊர் ஊராகப் போய் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். பாடிப் போகிற ரைடருக்கு ஒரே ஓர் இடம் பாக்கி. வயது இருபத்து மூன்றைத் தாண்டக் கூடாது. யுவஸ்ரீக்கு ஆடி வந்தால் தாண்டிவிடும். ஆள் எடுக்கிற பயிற்சியாளர் குணசீலன் இந்தப் போட்டிக்கு வருகிறார்.

போட்டியன்று காலையில் தனசேகரின் மனைவி அத்தாயி, கோழிப்பண்ணையில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிக் கொடுத்த முட்டைகளை உடைத்து வெங்காயம் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை அவளுக்கு. யுவஸ்ரீயும் போட்டி இல்லாத நாட்களில் அம்மாவோடு வேனில் ஏறிப் போவாள். இப்போது அவள் சுவரில் சாய்ந்து வலது முட்டிக்குத் துணிக்கட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இறுக்கிச் சுத்து சாமி,” என்றாள் அத்தாயி. “போன தடவ பாதியில அவுந்துருச்சு.”

“இறுக்குனா ரத்தம் ஓட மாட்டீங்குதும்மா. ஈஸ்வருக்கெல்லாம் இதுக்குன்னே ஒரு ஆளு பொட்டியத் தூக்கிட்டு பொறத்தாண்டயே வாராங்களாமா.”

ஈஸ்வர் அதே தெருப் பையன். அவளைவிட இரண்டு வயது சின்னவன். கையை நீட்டித் தொட்டுவிட்டு உடம்பைத் திருப்பி வெளியே வருவதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே யுவஸ்ரீதான், ஏரிமேட்டு மண்ணில். அவன் டிவியில் வருகிற லீக்குக்குப் போய்விட்டான். அந்த லீக்கில் பெண்கள் கிடையாது. இன்றைக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர்.

“அவங் கதைய உடு,” என்றார் தனசேகர், தலைக்குத் தண்ணீர் தெளித்துச் சீவிக்கொண்டே. “குணசீலன் சாரு ஈஸ்வர் காருலதான் வாராராம். உன்ற மேட்ச்சு அஞ்சு மணிக்கு. வெயில் தாழ்ந்துரும். நீ பாட்டுக்கு ஆடு.”

“நீங்க மைக்குல ஒழுங்காச் சொல்லுவீங்கல்லப்பா?”

“இதென்ன கண்ணு கேள்வி?”

“இல்ல, நன்கொடைச் சீட்டப் படிக்க ஆரம்பிச்சுருவீங்களேன்னு கேட்டேன்.”

“உன்ற மேட்ச்சுல படிப்பனா? போ சாமி, போய்ச் சாப்புடு.”

அவர் மனதாரத்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை.

மைதானத்தில் நீல நிற ரப்பர் மேட்டை விரித்து ஓரத்தில் மண்மூட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். கறி விருந்துக்கு அண்டாக்கள் ஏறிவிட்டன; வெங்காயம் வதங்குகிற வாசம் தென்னந்தோப்பைத் தாண்டி வந்தது. போட்டிக் கமிட்டித் தலைவர் சரவணக்குமார், போர்வெல் போடுகிற நான்கு ரிக் வண்டி வைத்திருக்கிறவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

“தனசேகரண்ணா, ஒரு சின்ன மாத்தமுங்க. பொம்பளப் புள்ளைங்க பைனல ரெண்டு மணிக்கு வெச்சரலாம்.”

“ரெண்டு மணிக்குங்களா? நோட்டீஸ்ல அஞ்சுன்னு போட்டுருக்குதுங்களே.”

“அஞ்சு மணிக்கு ஈஸ்வரு வந்து ஒரு ரைடு ஆடிக் காட்டோணுமுன்னு பசங்க ஒரே புடியா நிக்கறானுக. அப்பறம் ஆம்பளைங்க செமி, லைட்டு போட்டு பைனல். நடுவுல எங்கீங்க எடம்?”

“வெயில்ல மேட்டு கொதிக்குமுங்க. உழுந்தா தோலு வழண்டுரும்.”

“அட, புள்ளைங்க சித்த நேரம் ஆடறதுதானுங்க. கொழாயில ஒருக்காச் சொல்லிருங்க, டீம்காரங்களுக்குத் தெரியட்டும்.” இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். “நன்கொடை சீட்டெல்லாம் அந்த மேட்ச்சுலயே முடிச்சுருங்ணா. அல்லாரும் விருந்துக்கு வந்துருப்பாங்க, அவிங்கவிங்க பேரு காதுல உழுகோணும்.”

வருஷத்தில் பாதிப் போட்டிகளுக்குத் தனசேகரைச் சொல்லி அனுப்புவது சரவணக்குமார்தான். “சரிங்க” என்றார் தனசேகர். பிறகு அவரே மைக்கைத் தட்டிப் பார்த்து, பெண்கள் இறுதிப் போட்டி இரண்டு மணிக்கு நடைபெறும் என்று மூன்று தடவை நல்ல கணீர்க் குரலில் அறிவித்தார். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை அவர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

யுவஸ்ரீ வந்து மேடைக்குக் கீழே நின்றாள். அப்பா முகத்தைப் பார்த்தாள், மேட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நல்லது நடந்தது. ஈஸ்வரின் கார் நேரத்தோடு வந்ததில் குணசீலன் விருந்துக்கே வந்துவிட்டார். உயரமான மனுஷன், பழைய ஆட்டக்காரர், நடையில் லேசாக இழுப்பு. தனசேகர் மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

“சார், ரெண்டு மணிக்குப் பொம்பளப் புள்ளைங்க பைனலுங்க. நீங்க அவசியம் பாக்கோணும்.”

“அதுக்குத்தாங்க வந்தேன். என்னங்க இது, வெயில் இப்படிப் பொளக்குது?” பந்தலுக்குள் மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். சரவணக்குமார் ஆட்கள் இலையை விரித்தார்கள். பந்தலைச் சுற்றித் தட்டி கட்டியிருந்தது. மேட் அங்கிருந்து தெரியாது. குணசீலன் தனசேகரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான மைக்? உங்க வர்ணனைய எத்தனையோ போட்டில கேட்டுருக்கேன். நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும். இங்க உக்காந்து காதக் குடுத்துட்டே இருக்கேன். நல்ல ரைடுன்னு உங்க சத்தம் ஏறுச்சுன்னா எந்திரிச்சு வந்துருவேன். சரிங்களா?”

தனசேகருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. தன் சத்தத்தை நம்பி ஒரு பெரிய ஆட்டக்காரர் சாப்பிட உட்காருகிறார் என்ற பெருமையில், தட்டியைப் பிரித்துவிடச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தைச் சுற்றி ஐம்பது பேர்கூட இல்லை. இருந்தவர்களும் புங்க மரத்து நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். நேரலைக்காரர்கள் கேமராவைத் துணியால் மூடிவிட்டு விருந்துக்குப் போய்விட்டார்கள். சாயந்தரம்தான் ஆன் செய்வார்களாம். எதிர் அணி ஓமலூர். இரண்டு பக்கப் பெண்களும் முழங்கைக்குப் பழைய சாக்ஸை வெட்டி மாட்டியிருந்தார்கள். விழுந்து எழுந்தால் மேட்டின் சூடு தோலைத் தின்றுவிடும்.

தனசேகர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். முதல் பாதியில் சீட்டுகளை முடித்துவிடுவது, இரண்டாம் பாதி முழுவதையும் மகளுக்குக் கொடுப்பது. முதல் பாதியில் வாசித்தார். பந்தல் வழங்கியவர், தண்ணீர் லாரி வழங்கியவர், கோப்பை வழங்கியவர், கோப்பை வழங்கியவரின் அண்ணன். யுவஸ்ரீ இரண்டு தடவை பாடிப்போய் இரண்டு புள்ளி கொண்டுவந்ததை இடையிடையே ஒரு வரி சொன்னார். சீட்டு குறைந்தபாடில்லை. விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவிய ஈரத்தோடு மேடைக்கு வந்து புதுச் சீட்டு கொடுத்தார்கள். சிலர் பெயர் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றார்கள்.

பரமத்தி வேலூரில் மெத்தைக் கடை வைத்திருக்கிற அப்துல் கரீம் பாய் கொஞ்சம் ஒதுங்கி நின்று ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டின் வாடகை அவர் கொடுத்த நன்கொடை. தனசேகர் அவர் சீட்டை எடுத்தபோது கையசைத்தார்.

“என்ற பேரு கெடக்கட்டுமுங்க. அங்க ஆடறது உங்க புள்ளைதான? அதச் சொல்லுங்க. எப்படி ஆடுது பாருங்க!”

“இதா, ரெண்டே சீட்டுங்க பாய். முடிச்சுட்டுச் சொல்றேன்.”

“சீட்டு எங்கீங்க ஓடப்போகுது?”

சரியான கேள்விதான். ஆனால் சரவணக்குமார் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றும் இருந்தது: பெற்ற மகளை அப்பனே மைக்கில் ஊதுகிறான் என்று நாளைக்கு டீக்கடையில் நாலு பேர் சொல்வார்களே என்கிற கூச்சம். ஊரான் பிள்ளைகளையெல்லாம் சிங்கம், புலி என்று வானத்துக்குத் தூக்கிய மனுஷனுக்குச் சொந்த மகள் பெயரை உரக்கச் சொல்ல நாக்கு கூசியது.

கடைசி ரைடு. ஓமலூர் மூன்று புள்ளி முன்னால் நின்றது. யுவஸ்ரீ நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். தனசேகரின் கண் அவள் மேல்தான் இருந்தது. வாய் சீட்டில் இருந்தது.

“கறி விருந்துக்கு வெள்ளாட்டுக் கிடாய் வழங்கிய...”

இடது மூலையில் நின்ற பெண் அவள் கணுக்காலைப் பாய்ந்து பிடித்தாள். யுவஸ்ரீ விழவில்லை. கட்டுப்போட்ட முட்டியை ஊன்றித் திரும்பினாள். அதற்குள் இன்னொருத்தி இடுப்பைக் கட்டினாள்.

“...அவர்களின் தகப்பனார் நினைவாக, எண்ணெய் டின் வழங்கிய...”

மூன்றாவது பெண்ணும் நான்காவது பெண்ணும் மேலே விழுந்தார்கள். நான்கு பேரும் அமுக்க, அவள் மேட்டில் முகம் பட விழுந்தாள். பாட்டு நிற்கவில்லை. கபடி, கபடி, கபடி என்று அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. முழங்கையை ஊன்றி, நான்கு பேர் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, சாண் சாணாக நகர்ந்தாள். சாக்ஸ் கழன்றுவிட்டது. நீல மேட்டில் அவள் முழங்கை போன வழி சிவப்பாகத் தெரிந்தது.

“...இலைக்கட்டு வழங்கிய, அன்புச் சகோதரர்...”

விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டியது. நடுவர் விசிலை ஊதி நான்கு விரலைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் தனசேகர் அப்படி ஒரு ரைடு பார்த்ததில்லை. ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாய் மட்டும் பழகிய தடத்திலேயே ஓடி, அன்புச் சகோதரரின் பெயரையும் ஊரையும் முடித்துவிட்டுத்தான் நின்றது. அதற்குள் நாமக்கல் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒற்றைப் புள்ளியில் வெற்றி. யுவஸ்ரீ உட்கார்ந்தபடியே மேடையைப் பார்த்தாள். பிறகு பந்தலைப் பார்த்தாள். தட்டி மூடியபடியே இருந்தது.

குணசீலன் கைகழுவி ஏலக்காய் மென்றுகொண்டு வெளியே வந்தபோது பெண்கள் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

“முடிஞ்சுருச்சா? சத்தமே ஏறலைங்களே. சரி, சுமாரான மேட்ச்சு போலிருக்குதுன்னு இருந்துட்டேன்.”

தனசேகர் மேடையிலிருந்து குதித்தார். “சார், கடைசி ரைடு, நாலு பேரு சார்! நாலு பேரையும் இழுத்துட்டு வந்துச்சுங்க. யுவஸ்ரீ, நாமக்கல்லு.”

“அப்படியா? நீங்க சொல்லவே இல்லையே.”

“சீட்டுப் படிச்சுட்டு இருந்தனுங்க...”

“வீடியோ ஏதாச்சும்?”

இல்லை. குணசீலன் யோசித்தார். “அந்தப் புள்ள உங்களுக்கு ஒறவுங்களா?”

“என்ற மகளுங்க.”

குணசீலன் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. கெட்ட புன்னகை இல்லை. எத்தனையோ தகப்பன்களைப் பார்த்த புன்னகை. “உங்க சந்தோசம் புரியுதுங்க. ஆனா ஸ்கோர் ஷீட்ட வெச்சு ஆள் எடுக்க முடியாது. நான் கண்ணால பாத்துக் கையெழுத்துப் போடோணும். திருச்செங்கோட்டுல ஒரு புள்ளையப் பாத்து வெச்சுருக்கேன், பரவால்ல ரகம். அதுக்கே சொல்லிர்றேன். உங்க புள்ள அடுத்த வருசம் வரட்டும்.”

அடுத்த வருஷம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது என்பதைத் தனசேகர் சொன்னார். குணசீலன் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு ஈஸ்வரோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று போனார்.

சாயந்தரம் காற்று வந்தது. கூட்டம் மைதானம் கொள்ளவில்லை. வென்ற பெண்களுக்கு ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள், சப்பாத்தி சூடாக இருக்கும் என்று சரவணக்குமார் மைக்கில் விளக்கினார். ஆண்கள் அணிக்கான பைக்குகள் ரிப்பன் கட்டி வரிசையாக நின்றன. ஈஸ்வர் மேடையில் “இதெல்லாம் எனக்குக் கத்துக் குடுத்ததே யுவஸ்ரீ அக்காதானுங்க” என்றான். கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. பிறகு அவன் மேட்டில் இறங்கி ஒரு ரைடு ஆடிக் காட்டினான். ஒருத்தரையும் தொடவில்லை, சும்மா போய்விட்டு வந்தான். அந்த வெறும் போக்குவரத்துக்குத் தனசேகரின் குரல் எழுந்தது பாருங்கள்! “காவிரிக் கரையில் பிறந்த சிங்கம், கால் வைத்தால் மேட் நடுங்கும், கண் வைத்தால் கோடு நடுங்கும்!” என்று தொண்டை தானாகவே பாடியது. நிறுத்த நினைத்தாரா என்றால், நினைத்தார். நினைப்புக்கு முன்னால் பழக்கம் ஓடிவிட்டது. இறுதிப் போட்டி முடிந்ததும் சிறந்த வர்ணனைக்கென்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் கொடிக்காலுக்கு அவர் போகவில்லை. அத்தாயி கோழிப்பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யுவஸ்ரீயும் தலையில் துண்டு கட்டியிருந்தாள். முழங்கையில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தது. கன்னத்தில் மேட் சுட்ட தடம் கருத்திருந்தது. பொன்னாடை கொடியில் தொங்கியது.

“நீ எதுக்கு சாமி இன்னைக்கே? ரெண்டு நாளு கழிச்சுப் போலாமில்ல?”

“இனி எதுக்குங்கப்பா காத்திருக்கறது?”

அத்தாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. “அவகிட்ட என்ன கேக்கறீங்க?” என்றாள் அடுப்படியிலிருந்து. “கொழாய்ச் சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு. எண்ண டின்னு குடுத்தவன் பேரு கேட்டுச்சு. எலக்கட்டு குடுத்தவன் பேரு கேட்டுச்சு. நான் வாசப்படியில ஒக்காந்து எம்புள்ள பேரு வருமா வருமான்னு பாத்துட்டே இருந்தேன்.”

“அம்மா, உடுங்க,” என்றாள் யுவஸ்ரீ. பிறகு அப்பாவைப் பார்த்தாள். “நீங்க பாத்தீங்களாப்பா?”

“பாத்தேன் சாமி. என்ற ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அந்த ஓமலூர்ப் புள்ள காலப் புடிச்சதுலருந்து கோட்டத் தொட்டது வரைக்கும் பாத்தேன். அப்படி ஒரு ரைடு...”

“பாத்ததச் சொல்றதுதானுங்களே உங்க சோலி. இப்பச் சொல்லுங்க.”

“என்ன கண்ணு?”

“நேத்துச் சொல்லாததை இப்பச் சொல்லுங்க. மைக்குல சொல்றாப்புலயே. ஈஸ்வரு சும்மா போயிட்டு வந்ததுக்கே அத்தன சொன்னீங்க. எனக்கு எப்படிச் சொல்லியிருப்பீங்கன்னு கேக்கறேன். வண்டி வாரதுக்குள்ள சொல்லுங்க. அம்மாளும் கேக்கட்டும்.”

கேலியாகக் கேட்கவில்லை அவள். கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. அத்தாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

தனசேகர் எழுந்தார். மைக் பிடிக்கிற கை தானாக வாய்க்கு முன்னால் வந்தது. தொண்டையைச் செருமினார்.

“இதோ... இதோ பாடி வருகிறார்... நாமக்கல் அணியின்...”

அங்கே நின்றுவிட்டது. சிங்கத்தை ஈஸ்வருக்குக் கொடுத்தாயிற்று. புலி, காளை, மின்னல், இரும்புக்கை, முதலை, எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். இன்னும் பத்து ஆண்களுக்கு வைக்கப் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது. மகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் வந்து முட்டியது. மூன்றாவது தடவை, வாய் தன் பழக்கத்தில் எதையோ எடுத்துப் போட்டது.

“நாமக்கல் அணியின்... தங்கச்சி...”

சொன்னதும் அவருக்கே கேட்டது. அத்தாயி கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

யுவஸ்ரீ போகவில்லை. அப்பாவின் வாயையே பார்த்தபடி நின்றாள். தெருமுனையில் பண்ணை வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது.

“பரவால்லீங்கப்பா. வண்டி வந்துருச்சு,” என்று சொல்லிவிட்டு, வலது காலை இழுத்து வைத்துப் படியிறங்கினாள்.

வேன் கிளம்பிப் போன பிறகும் தனசேகர் வீட்டு நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கை வாய்க்கு முன்னாலேயே இருந்தது. அந்த இல்லாத மைக்கில் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை.